சலவைக்கடைக்கு எதிரே ஒரு அறை

கடல் கடந்த அந்தப் பெரிய ஊரில் எங்கே தங்குவது என்று பேச்சு எடுத்த நாளிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். துறைமுகத்துப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றான் சின்னவளின் கணவன். பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் எந்நேரமும் ஜன நடமாட்டம் இருக்குமாம். அவனுடைய அலுவலகத்தில் ஒருவர் எப்போதோ அங்கே போய்வந்தவர். ஆற்றுக்கு அக்கரையில்தான் நல்ல ஏரியா என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

அவனுடைய அக்காவான அண்ணி எதற்கும் மசியவில்லை. அவளுடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலைக்குப் போனவன், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக நீட்டி, வீட்டுப் பக்கம் தலைகாட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தக் கப்பல் ஒரே ஒரு பகல் அந்த ஊரில் நிற்கப் போகிறது. அவனும் கரைக்கு இறங்கி வரலாம்.

"அவன் துறைமுக கேட்டைத் தாண்டி நாலு எட்டு வச்சா நான் எதிர்ல நிக்கணும். பஸ்ஸு மாறி ரயிலு மாறி, அவன் வர்ற நேரத்துல நான் எங்கயோ டிக்கெட் கிழிச்சிட்டு நிக்கவா? கேட்டுக்குப் பக்கத்துலயே ரூம் போடு" என்றாள்.

அறை போடும் பொறுப்பு சின்னவள் தலையில் விழுந்தது. கூடப் போகும் பொறுப்பும் அவளுக்குத்தான், ஏனென்றால் அவள் கணவனுக்கு விடுப்பு இல்லை. வீட்டின் கடைசி மகனைக் கட்டிக்கொண்டு வந்ததால் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அண்ணி மட்டும் தொட்டாச்சிணுங்கி என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்துகிறவள், வீட்டு வாசலில் அறிமுகமில்லாத ஆள் நின்றால் சமையலறைக்குள் ஓடி நின்றுகொள்வாள். அண்ணிக்கோ பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஜாதகம்.

பயந்தவள் என்பதால்தான் சின்னவள் அந்த அறையை அவ்வளவு யோசித்து எடுத்தாள். மாலையில் வேலை முடிந்து வந்தால் செல்போனில் அந்த ஊரின் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பாள். படத்தில்தான், ஆனால் கால் வலிக்கிற மாதிரி நடப்பாள். ஒரு விடுதி மலிவு. பக்கத்தில் மூடிக் கிடந்த கிடங்குகள், வேண்டாம். இன்னொன்றில் அறைகள் அழகு; வாசல் சந்துக்குள் இருந்தது, வேண்டாம். கடைசியில் ஒன்று கிடைத்தது. முனையில் பழக்கடை, அதையடுத்து பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, பிறகு நீலக் கதவு போட்ட ஒரு சலவைக்கடை. அதற்கு நேர் எதிரே விடுதி. அங்கே தங்கிப் போன ஒருவர் சலவைக்கடை இயந்திரங்கள் ஓயாமல் கடகடவென்று ஓடித் தூக்கத்தைக் கெடுத்தன என்று திட்டி எழுதியிருந்தார். சின்னவளுக்கு அதைப் படித்ததும்தான் மனம் நின்றது. சத்தம் இருக்கிற இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள்.

விமானம் இறங்கி டாக்சி பிடித்தவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. ஊரைப் பார்த்து அண்ணி "ஏயப்பா, ஏயப்பா" என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிக் களைத்தாள். துறைமுகத்துப் பக்கம் வந்ததும் டாக்சி நின்றது. முன்னால் சாலையைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் பெட்டிகளை இறக்கி வைத்து, கையால் எங்கேயோ வளைத்துக் காட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

இரண்டு பெண்களும் நடைபாதையில் பெட்டிகளோடு நின்றார்கள். சின்னவள் செல்போனைப் பார்த்தாள். இந்த ஊர் சிம் இன்னும் வாங்கவில்லை. விடுதியின் பெயரையும் முகவரியையும் படம் பிடித்து வைத்திருந்ததுதான் கைவசம். அப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் சிரித்தபடி வந்தான்.

"ஹோட்டலா?" என்றான் ஆங்கிலத்தில்.

சின்னவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி அண்ணிதான் அவனிடம் நீட்டினாள். அவன் பெயரைப் படித்தான், முகம் மலர்ந்தது. அந்த விடுதி ஆள்தான் தான் என்றான். தண்ணீர்க் குழாய் வெடித்து அறையெல்லாம் வெள்ளம், விருந்தாளிகளை எங்களுடைய இன்னொரு கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறோம், இதோ பின்னாலேயே, அதே வாடகை, அதைவிடப் பெரிய அறை என்றான். சொல்லிக்கொண்டே அண்ணியின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

"அண்ணி, ஒரு நிமிஷம். நாம அந்த ஹோட்டலையே போய்ப் பார்த்துட்டு..."

"வெள்ளத்துல போய் நீந்தவா? அந்த ஆளே வந்து கூப்பிடறாரு. வா பேசாம."

பெட்டி முன்னால் போனது, அண்ணி பெட்டியின் பின்னால் போனாள், சின்னவள் அண்ணியின் பின்னால் போனாள். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். பின்னாலேயே என்றவன் நடந்துகொண்டே இருந்தான். ஆட்கள் குறைந்தார்கள், கடைகள் நின்றுபோயின, கம்பிவேலியும் சுவரும் வந்தன. பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்தின் இரும்புக் கதவைச் சாவி போட்டுத் திறந்தான். உள்ளே ஒரு மேஜை, அதன் மேல் ஒரு தொலைபேசி, பாதி குடித்துவைத்த குளிர்பானப் பாட்டில் ஒன்று. பதிவு செய்ய வேண்டும் என்று பாஸ்போர்ட் கேட்டான். அண்ணி இரண்டையும் எடுத்து நீட்டினாள். அவன் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினான். பெட்டிகள் பின்னால் வரும் என்றான். லிஃப்டில் ஏற்றி, தன் கழுத்து அட்டையை ஒரு கறுப்புச் சதுரத்தில் தேய்த்து, மேலே கொண்டுவந்து விட்டு, அறையைத் திறந்துகாட்டி, அதே சிரிப்போடு இறங்கிப் போனான்.

அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு அலமாரி, சுவரில் ஒரு தொலைபேசி. விரிப்புகள் சுத்தமாகவே இருந்தன. அண்ணி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள்.

"பாத்தியா? ராஜா வீடு மாதிரி இருக்கு. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா."

சின்னவள் ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் ஒரு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. கீழே காலி முற்றம், துருப்பிடித்த பீப்பாய்கள், அப்பால் ஜன்னலே இல்லாத நீண்ட சுவர். செல்போனில் அவள் அந்த வட்டாரம் முழுக்க நடந்திருக்கிறாள். விடுதிக்குப் பின் தெரு, அதற்கும் பின் தெரு, எல்லாம் தெரியும். பின் தெருவில் பள்ளிக்கூடமும் விளையாட்டுத் திடலும் இருந்தன. இந்தச் சுவரை அவள் எங்குமே பார்த்ததில்லை.

"அண்ணி, இது அந்த ஹோட்டலோட கட்டடம் இல்ல."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"பக்கத்துலயே இல்ல அண்ணி. வேற எங்கயோ கூட்டிட்டு வந்திருக்கான்."

அண்ணி கண்ணை மூடியபடி கையை ஆட்டினாள். சின்னவள் கைப்பையை வைக்க அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஏற்கெனவே பெட்டிகள் இருந்தன. யார் யாருடையவோ. ஒன்றின் கைப்பிடியில் அடையாளத்துக்காகச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. இன்னொன்றில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றின் பூட்டுகளும் உடைந்திருந்தன. ஒன்றின் வாயிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையின் கை வெளியே தொங்கியது.

சத்தம் காட்டாமல் அலமாரியை மூடினாள். மூடிய பிறகும் அந்தச் சட்டைக் கை கண்ணை விட்டு அகலவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா இந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பாளோ? இப்போது எங்கே?

அறைக் கதவை இழுத்துப் பார்த்தாள், திறந்தது. அதுவரைக்கும் நல்லது. வெளியே தாழ்வாரத்தில் வரிசையாகக் கதவுகள், ஒன்றிலும் மூச்சுச் சத்தம் இல்லை. லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே நின்றாள், அது அசையவில்லை. அட்டை இல்லாமல் அது வராது என்று மெதுவாக உறைத்தது. கோடியில் படிக்கட்டுக் கதவு இருந்தது. அதன் பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டு தொங்கியது. பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவளுக்கு, அது புதுப் பூட்டு என்பதே போதுமானதாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குத் திரும்பினாள்.

"அண்ணி, எழுந்திருங்க. கீழ போக வழி இல்ல. பூட்டி வச்சிருக்கான்."

அண்ணியின் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. சின்னவள் கையைத் தொட்டாள், ஜில்லென்றிருந்தது.

"அண்ணி!"

"தம்பி வந்துட்டானா?" என்றாள் அண்ணி. குழறலாக இருந்தது. "சாதம் வடிச்சிட்டேன்... கூப்பிடு அவனை..."

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. விமானம் இறங்கியதும் சாப்பிடலாம் என்று அண்ணி தன் சர்க்கரை நோய் மாத்திரையை விமானத்திலேயே போட்டிருந்தாள். வந்த பரபரப்பில் ஒரு வாய் சாப்பிடவில்லை. சர்க்கரை இறங்குகிறது. பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியிலேயே சரிகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அங்கே மேஜையிலேயே சர்க்கரை டப்பா இருக்கும். இங்கே கைப்பையைக் கட்டிலில் கொட்டினாள்: சீப்பு, கைக்குட்டை, வீட்டுச் சாவி. பிஸ்கட்டும் மிட்டாயும் பெட்டியில். பெட்டி கீழே.

சுவர்த் தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் அவன்.

"பெட்டி வேண்டும். உடனே. என் கூட இருப்பவருக்கு உடம்பு சரியில்லை."

"முதலில் ஒரு வார வாடகை, பிறகு பெட்டி, பிறகு பாஸ்போர்ட்" என்றான். குரலில் சிரிப்பு இல்லை.

"அவங்க செத்துப் போயிடுவாங்க!" என்று அவள் தமிழிலேயே கத்தினாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். இணைப்பு அறுந்தது.

அவள் அண்ணியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பேசச் சொன்னாள், திட்டச் சொன்னாள். "தொட்டாச்சிணுங்கின்னு சொல்லுங்க அண்ணி, சொல்லுங்களேன்." அண்ணியின் கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. வெளியூருக்குப் போகப் பயமாயிருக்கிறது என்று சொன்னபோதெல்லாம் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்டவள் இப்படிக் கிடந்தாள். அந்தக் கேள்விக்கு இதுதானா பதில் என்று நினைத்ததும் சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவளை இங்கே பறிகொடுத்துவிட்டு நாளைக்குத் துறைமுக வாசலில் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது?

லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் வந்தான், கையை மடக்கிக்கொண்டு, மிரட்ட வந்தவனாகத்தான் வந்தான். கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

அவன் முகம் போன போக்கைச் சின்னவள் பார்த்தாள். அந்த முகத்தை அவள் தினம் பார்க்கிறாள். ஊசியை எடுத்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய பெரிய மீசைக்காரர்களுக்கெல்லாம் அந்த முகம்தான். இவனும் பயந்துவிட்டான். அவளுடைய பயம் ஒன்றும் அதனால் குறையவில்லை. ஆனால் நாக்கு புரண்டது.

"நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். இவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் இறந்துவிடுவார். இறந்தால் போலீஸ் வரும். இந்த அறைக்கு வரும். அந்த அலமாரியையும் திறக்கும்."

அவன் அலமாரியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னால் நகர்ந்தான். லிஃப்டுக்குத்தான் நகர்கிறான், போனால் திரும்பமாட்டான். சின்னவள் அண்ணியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அண்ணி அவளைப் போல ஒன்றரை மடங்கு. எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. அரைகுறையாகக் கால் ஊன்றிய அண்ணியை இழுத்துக்கொண்டு, மூடப்போன லிஃப்ட் கதவுக்குள் தோளைக் கொடுத்து நுழைந்தாள். கதவு தோளில் மோதித் திறந்தது. அவன் மூலையில் ஒட்டிக்கொண்டான். மூன்று பேரும் இறங்கினார்கள். அந்தச் சின்ன இடத்துக்குள் அவனுடைய வியர்வை நாற்றம் அடித்தது.

கீழே வந்ததும் அவள் மேஜைக்குப் பாய்ந்தாள். அவன் பாதி குடித்துவைத்திருந்த குளிர்பானம் அங்கேயே இருந்தது. அண்ணியைத் தரையில் சாய்த்து உட்காரவைத்து, கன்னத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாதி கழுத்தில் வழிந்தது. பாதி உள்ளே போயிற்று.

"முழுங்குங்க அண்ணி. எச்சில்னு பாக்காதீங்க. முழுங்குங்க."

அண்ணி முழுங்கினாள்.

"பாஸ்போர்ட்" என்றாள் சின்னவள் அவனிடம். அவன் தலையை ஆட்டினான். வாடகை என்றான், ஆனால் குரல் இறங்கியிருந்தது. இரும்புக் கதவில் உள்பக்கமாகச் சாவி தொங்கியது. அவள் ஓடிப்போய் அதைத் திருகிக் கதவை அகலத் திறந்தாள். வெளியே நல்ல வெயில். தூரத்தில் யாரோ சைக்கிளில் போனார்கள். சின்னவள் நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வாழ்நாளில் குரல் உயர்த்தி ஒரு காய்கறிக்காரரைக் கூடக் கூப்பிட்டறியாதவள், "ஐயோ, கொல்றானே! யாராவது வாங்களேன்! ஐயோ!" என்று எதிர்ச் சுவரில் மோதித் திரும்புகிற மாதிரி கத்தினாள். சைக்கிள் நின்றது. எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது.

இழுப்பறை இழுபடும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டுகள் அவள் காலடியில் வந்து விழுந்தன. பின்னாலேயே பெட்டிகள் உருண்டு வந்தன. அவள் அண்ணியை வெளியே இழுத்ததுதான் தாமதம், இரும்புக் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது.

வெளியே வந்ததும் பயம் விட்டுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்போதுதான் அவளுக்குப் பல் கிட்டியது. பெட்டியைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து அண்ணியின் வாயில் திணித்தாள். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சைக்கிள்காரர் கிட்டே வந்து என்னவோ கேட்டார். அவர் மீதும் அவளுக்குப் பயம். கையைக் காட்டி வேண்டாம் என்றாள். அண்ணிக்கு நிதானம் திரும்பியதும் ஒரு கையில் அவளையும் மறுகையில் பெட்டிகளையும் பற்றிக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நடந்தாள். சாம்பல் கோட்டு யார் போட்டிருந்தாலும் ஒதுங்கி நடந்தாள்.

ஒரு முனையில் பழக்கடை தெரிந்தது. முதலில் அவளுக்கு அது அடையாளம் தெரியவில்லை, ஏனென்றால் செல்போனில் அவள் எப்போதும் மறுபக்கத்திலிருந்துதான் நடந்து வந்திருந்தாள். பிறகு பஸ் நிறுத்தம். மருந்துக்கடை. அடுத்து என்ன வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வராமல் போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீலக் கதவு வந்தது. படத்தில் இருந்ததைவிட வெளிறியிருந்தது. உள்ளே இயந்திரங்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

எதிரே விடுதியில் குழாயும் வெடிக்கவில்லை, வெள்ளமும் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலி போட்டாள். முதலில் அண்ணிக்குச் சாப்பாடு, பிறகுதான் கதை. அந்தப் பெண் போலீசுக்குத் தொலைபேசினாள். வந்த போலீஸ்காரரிடம் சின்னவள் சுவர், பீப்பாய், சங்கிலி எல்லாவற்றையும் சொன்னாள். மாலைக்குள் அவர் திரும்பி வந்து, கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், பெட்டிகள் இருந்தன, ஆள் இல்லை என்றார். ஆள் இல்லை என்ற சொல் அவளுக்கு ஒரு ஆறுதலையும் தரவில்லை. இந்தத் தெருக்களில் எங்காவதுதானே இருப்பான்?

மறுநாள் காலையில் துறைமுக வாசலில் மகன் இறங்கி வந்தான். தாடி வைத்து, தோள் அகன்று, அடையாளமே தெரியாமல் வந்தான். அண்ணி ஓடவில்லை, நின்ற இடத்திலேயே அழுதாள். அவன் இருவரையும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனான்.

"நல்ல ஏரியா பாத்துதான் எடுத்திருக்கீங்க அத்தை. ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி எடுத்த எடுப்பில் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தாள். சாம்பல் கோட்டுக்காரன் அவள் வாயில் ராட்சசன் ஆனான். "நான் அப்பவே சொன்னேன், இவன் முழி சரியில்லைன்னு" என்றாள் கூசாமல். அறைக்குள் போனதுவரை வந்தவள், சட்டென்று நின்றாள். அதற்குப் பிறகு அவளிடம் எதுவும் இல்லை.

"அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இவளைத்தான் கேக்கணும்."

சின்னவள் சொல்லப் பார்த்தாள். சட்டைக் கை தொங்கியதைச் சொன்னாள். சங்கிலியைச் சொன்னாள். லிஃப்டுக்கு வந்தபோது டம்ளரை எடுத்தாள், தண்ணீர் மேஜையெல்லாம் சிந்தியது. மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணி மேஜையைத் துடைத்தாள்.

பகல் முழுக்க மூவரும் கூட்டம் உள்ள தெருக்களிலேயே சுற்றினார்கள். பொழுது சாயும் முன் அவனைத் துறைமுக வாசலில் விட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பினார்கள். அவர்கள் அறை மேல்மாடியில்; முந்தின இரவு மட்டும் அந்தப் பெண் கீழேயே படுக்க இடம் கொடுத்திருந்தாள். லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அண்ணிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. வீட்டில் மாடிக்குப் போய் வருடக்கணக்காகிறது.

"படியிலயே போயிடலாமா?" என்றாள் அண்ணி.

"மெதுவா போலாம்" என்றாள் சின்னவள்.

முதல் திருப்பத்திலேயே அண்ணிக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துகொண்டாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே யாரோ கதவைத் திறந்து உள்ளே வரும் சத்தம் கேட்டது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். காலடி மேஜைப் பக்கம் போனது, அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, யாரோ சிரித்தார்கள்.

"யாரோ தங்க வந்தவங்க" என்றாள் சின்னவள் மெல்ல.

"பாத்தியா நீ?"

"பாக்கல. சத்தத்த வச்சு சொல்றேன்."

அண்ணி அவள் கையைப் பிடித்து எழுந்தாள். பிடியை விடாமலே அடுத்த படியில் காலை வைத்தாள்.